சபாவில் கேமரா சத்தம்: ஒரு படக்காரனின் பதில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கச்சேரி நடக்கும்போது சபா அரங்குக்குள் கேமராவையே விடக் கூடாது என்று உங்கள் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். ராகம் பாடிக்கொண்டிருக்கும்போது நடுவில் 'டடக் டடக்' என்று கேட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். அதில் அவரோடு எனக்குத் தகராறு இல்லை. மார்கழி முழுக்க மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் நடுவே கேமராப் பையோடு அலைகிறவன் நான்; எனக்கே அந்தச் சத்தம் ஆகாது. ஆனால் அவர் சொல்லும் வைத்தியம்தான் சரிப்படாது.

கேமராவை வாசலிலேயே நிறுத்திவிட்டால் நஷ்டம் யாருக்கு? சாயங்காலக் கச்சேரி செய்கிற பெரிய வித்வான்களுக்கு இல்லை. அவர்களிடம் வேண்டிய மட்டும் படம் இருக்கிறது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், முன் இரண்டு வரிசையில் சொந்தக்காரர்கள் மட்டும் உட்கார்ந்திருக்க, உயிரைக் கொடுத்துப் பாடுகிற பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம். அடுத்த வருஷம் இன்னொரு சபாவில் வாய்ப்புக் கேட்டுப் போகும்போது, மேடையில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி நல்ல படம் ஒன்று கையில் இருந்தாக வேண்டும். ஸ்டூடியோவில் தம்புராவைக் கட்டிக்கொண்டு எடுத்த படம் அதற்கு உதவாது. அப்புறம், உங்கள் பத்திரிகையே விமர்சனத்தோடு படம் போடுகிறதே, அது எங்கிருந்து வரும்?

முதலில் சத்தம் எங்கே பிறக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சபாக் காரியதரிசிகளில் பலர் கேமரா என்றால் எல்லாம் ஒன்று என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டிஎஸ்எல்ஆர் வகைக் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி உண்டு. எதிரே இருக்கும் காட்சி அதில் பட்டுத்தான் நாம் கண் வைத்துப் பார்க்கும் இடத்துக்கு வருகிறது. பட்டனை அழுத்தியதும் அந்தக் கண்ணாடி விருட்டென்று மேலே போய் மோதும். வெளிச்சத்தைத் திறந்து மூடுகிற ஷட்டரின் முதல் திரை ஓடும், பின்னாலேயே இரண்டாம் திரை ஓடும், கண்ணாடி மறுபடி கீழே விழும், அடுத்த படத்துக்காக ஷட்டர் இழுத்து மாட்டிக்கொள்ளும். கண் இமைக்கும் நேரத்தில் இவ்வளவும் நடந்துவிடுவதால் நமக்கு ஒரே சத்தமாகக் கேட்கிறது. அதில் பெரும்பங்கு கண்ணாடி அடித்துக்கொள்வதுதான். திரை ஓடுகிற சத்தம் அதோடு பார்த்தால் குறைவு.

நான் தொழிலுக்கு வந்தது ஃபிலிம் காலத்தில். கையில் நிக்கான் எஃப்எம்2. 1982-ல் வந்த கேமரா, உலோகத் திரை, 1/4000 நொடி வரை வேகம் போகும், இரும்புப் பெட்டியைச் சாத்தின மாதிரி சத்தமும் போடும். அன்றைக்கும் சபாவில் இதே சத்தம் இருந்தது. ஆனால் யாரும் பத்திரிகைக்குக் கடிதம் எழுதவில்லை. காரணம் சுலபம்: ஒரு ரோலில் 36 படம். ஃபிலிம் விலை, கழுவுகிற கூலி, பிரின்ட் போடுகிற செலவு எல்லாம் சேர்த்தால் ஒரு கச்சேரிக்கு ஒரு ரோலுக்கு மேல் யாருக்கும் கட்டாது. பாடகர் எந்தச் சங்கதியில் கையைத் தூக்குவார், எங்கே கண்ணை மூடுவார் என்று பார்த்துப் பார்த்துத்தான் பட்டனைத் தொடுவோம். டிஜிட்டலில் அழுத்துவதற்குக் காசு கிடையாது. நொடிக்கு எட்டு, பத்து என்று கேமராவும் ஓடத் தயாராக இருக்கிறது. அதனால் ஒரு பல்லவிக்குள் முந்நூறு படம் எடுத்துவிட்டு, வீட்டில் போய் அதில் ஒன்றைத் தேடுகிறார்கள். வாசகர் கேட்ட சத்தம் கேமராவின் சத்தம் பாதி, இந்தப் பழக்கத்தின் சத்தம் பாதி.

சில வருஷங்களுக்கு முன் மயிலாப்பூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் மைக் இல்லாத வீணைக் கச்சேரி. எல்லோரும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மா பைரவி வாசித்துக்கொண்டிருந்தார். மந்தரத்தில், அதாவது கீழ் ஸ்தாயியில், ஒரு பிடி. தந்தியை இழுத்து, இழுத்த இடத்திலேயே நிறுத்தி, அந்த நாதம் மெள்ள மெள்ளத் தேய்ந்து, கேட்கிறதா இல்லையா என்று காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய இடத்துக்கு வந்தது. என் பக்கத்தில் இருந்த பையன் அப்போது பார்த்து அழுத்திய விரலை எடுக்காமல் அழுத்தினான். ஏழெட்டுப் படம் தடதடவென்று விழுந்தது. அம்மா நிறுத்தவில்லை, கோபப்படவும் இல்லை. நிமிர்ந்து அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதே பிடியை முதலிலிருந்து மறுபடி வாசித்தார். பையனுக்கு முகம் செத்துவிட்டது. கேமராவைப் பையில் வைத்துவிடலாம் என்று பையைத் திறந்தான். வெல்க்ரோ பிரிந்த சத்தம் இருக்கிறதே, அதற்குக் கேமராவே தேவலை.

வெல்க்ரோவை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அமைதியான இடத்தில் படமெடுக்கப் போகிறவன் முதலில் கவனிக்க வேண்டியது இந்த மாதிரிச் சில்லறைச் சத்தங்களைத்தான். ஃபோகஸ் ஆனதும் 'பீப் பீப்' என்று கத்துகிற வசதி ஒன்று உண்டு. புதுக் கேமரா வாங்கியதும் முதல் வேலையாக அதை அணைக்க வேண்டும். பலர் அணைப்பதில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர்களும் உண்டு. பழைய லென்ஸ்கள் சிலவற்றில் ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள் இருக்காது, கேமராவுக்குள் இருந்து திருகாணி போல லென்ஸைச் சுற்றும். 'கர்ர்' என்று பல்லைக் கடிக்கிற சத்தம். அந்த லென்ஸை ராகத்தின்போது கையால்தான் சுற்ற வேண்டும். கழுத்துப் பட்டையின் இரும்பு வளையம் உடம்பில் இடித்துக் கிணுகிணுக்கும்; கறுப்பு டேப்பைச் சுற்றினால் தீர்ந்தது. லென்ஸ் மூடியைச் சட்டைப் பையில் போடாதீர்கள், குனிந்தால் விழும். மரத் தரையில் அது உருண்டு ஓடுகிற ஓட்டம் மூன்று வரிசையைத் திரும்பிப் பார்க்க வைக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பது எப்போதும் நல்லது. நான் பையை வெளியிலேயே திறந்து, வேண்டிய லென்ஸை மாட்டிக்கொண்டு, இன்னொன்றை ஜோல்னாப் பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே போகிறேன். துணிப் பைக்கு ஜிப் கிடையாது, வெல்க்ரோ கிடையாது.

சத்தமில்லாமல் படமெடுக்கும் கவலை இன்று நேற்று வந்ததும் இல்லை. பழைய லைக்கா போன்ற கேமராக்களில் எழும்பி விழுகிற கண்ணாடியே கிடையாது. துணித் திரை மட்டும் ஓடும். மெல்லிசாக ஒரு சத்தம், அவ்வளவுதான். 1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸோன் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தார். ரமண மகரிஷியின் உடம்பு மிகவும் மோசமாக இருந்த நாட்கள். ஏப்ரல் 14 இரவு மகரிஷி மறைந்தார். கடைசி நாட்களில் இவர் அவரை எடுத்த படங்கள் இருக்கின்றன. அதே மாதம் புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தரையும் எடுத்தார். கார்த்தியே-பிரெஸோன் லைக்காக்காரர். கேமராவின் பளபளப்பு யார் கண்ணிலும் படக் கூடாது என்று அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருப்பார். ஃப்ளாஷ் போடுகிற பழக்கமே கிடையாது. படுக்கையில் இருக்கிற பெரியவர், சுற்றிலும் வாய் பேசாமல் அடியார்கள். அங்கே ஒரு எஃப்எம்2-வை எடுத்துக்கொண்டு போனால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நல்லவேளை, அது அப்போது பிறக்கவில்லை.

நம் ஊரில் இதைப் பற்றி யாரும் பெரிதாக யோசிக்காததற்கு சினிமாவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். பல வருஷம் இங்கே படப்பிடிப்புக்கு ஓடியது ஆரி 2சி. அதுவே பெருஞ்சத்தம் போடும். வசனத்தை அப்புறம் டப்பிங் தியேட்டரில் பேசிக்கொள்ளலாம் என்பதால் ஸ்டில் போட்டோகிராபர் எத்தனை தடவை அழுத்தினாலும் கேட்க ஆளில்லை. ஹாலிவுட்டில் வசனத்தை அங்கேயே பதிவு செய்ததால், ஸ்டில் எடுப்பவர் தன் கேமராவைப் பஞ்சு மெத்தை வைத்த பெட்டிக்குள் பூட்டித்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. 'பிளிம்ப்' என்பார்கள். லென்ஸுக்கு முன்னால் ஒரு குழாய், விரலுக்கு ஒரு பட்டன், மற்றதெல்லாம் உள்ளே. எங்கள் ஆட்களில் சிலர் அதைக் கேள்விப்பட்டுக் கேமராவுக்குத் துண்டு சுற்றிப் பார்த்ததுண்டு. சத்தத்தின் கூர் கொஞ்சம் மழுங்கும். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது, கை வியர்க்கும்.

சரி, இன்றைக்கு டிஎஸ்எல்ஆர் வைத்திருக்கிற பையன் என்ன செய்வது? விற்றுவிட்டு வா என்று சொல்ல எனக்கு மனசு வராது. பாதிப் பேருக்குத் தவணையே முடிந்திருக்காது. அவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. நிக்கானில் பல மாடல்களில் 'க்யூ' என்று ஒரு நிலை உண்டு. அதில் வைத்து அழுத்தினால் கண்ணாடி மேலே போகும், படம் பதிவாகும், ஆனால் விரலை எடுக்கும் வரை கண்ணாடி கீழே வராது. அதாவது சத்தத்தில் பாதியை எப்போது வெளியே விடுவது என்பது நம் கையில். கேனனில் 'சைலன்ட்' என்று ஒன்று இருக்கிறது. அது கண்ணாடியை வேகம் குறைத்து நகர்த்தும், சத்தம் அடங்கி வரும். இரண்டிலும் சத்தம் போய்விடாது. ஆனால் 'க்யூ'வைத் தாளம் தெரிந்தவன் பயன்படுத்துகிற விதமே வேறு. மிருதங்கத்தில் ஒரு பலமான சாப்பு விழும்போது அழுத்துவான். விரலை அப்படியே வைத்திருப்பான். அடுத்த அருதியில், அதாவது தாளம் வந்து விழுந்து நிற்கிற இடத்தில், மிருதங்கமும் கஞ்சிராவும் சேர்ந்து விழும்போது விரலை எடுப்பான். அடுத்த நாற்காலியில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. அந்த இடம் எப்போது வரும் என்று தெரியாதவனுக்கு எவ்வளவு விலையுள்ள கேமராவைக் கொடுத்தாலும் பிரயோஜனம் இல்லை.

எப்போது எடுக்கலாம் என்பதற்குக் கேட்டுப் பழகிய காதே போதும். வர்ணம் விறுவிறுவென்று போகும்போது எடுக்கலாம். ஒரே வரியை விதவிதமாகப் பாடுகிற நிரவல் மேல்காலத்துக்கு ஏறியபின் எடுக்கலாம். ஸ்வரம் சூடுபிடித்த பிறகு தாராளமாக எடுக்கலாம். பாட்டுக்காரரின் முகமும் அப்போதுதான் நன்றாக இருக்கும். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் படக்காரனுக்குச் சொர்க்கம். பாதிக் கூட்டம் கேன்டீனுக்கு எழுந்து போகும், நடப்பதற்கு வழி கிடைக்கும், மேடையில் சத்தத்துக்கும் குறைவில்லை. (தனிக்கு எழுந்து போவதைப் பற்றி இன்னொரு கடிதம் எழுதலாம்.) ராகம் தொடங்கும்போதும், தாளமில்லாமல் பாடுகிற விருத்தத்திலும், ஒரே ஸ்வரத்தில் கார்வை கொடுத்து நிற்கும் இடத்திலும், மந்தரத்திலும் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா கேட்க வேண்டும். எப்படியும் காது கொடுத்துக் கேட்கத்தானே வந்திருக்கிறோம். திருவையாற்றில் பகுள பஞ்சமியன்று பஞ்சரத்ன கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடும்போது என்ன கேமராவை வைத்து எடுத்தாலும் யார் காதிலும் விழாது. ஆகவே எல்லா இடத்துக்கும் ஒரே சட்டம் என்பதும் பொருந்தாது.

தூரமும் ஒரு விஷயம். மேடை விளிம்பில் வந்து ஒட்டிக்கொண்டு சின்ன லென்ஸில் எடுப்பதைவிட, பத்தாவது வரிசை ஓரத்தில் நின்று, தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டுகிற 70-200 லென்ஸில் எடுத்தால் பாடகருக்குக் கேட்காது, அதைவிட முக்கியமாக மேடை மைக்குக்குக் கேட்காது. இதைப் பலர் யோசிப்பதில்லை. வயலினுக்கு வைத்த மைக் பக்கத்தில் வந்து அழுத்தினால் அந்த 'டக்' ஒலிபெருக்கி வழியாக அரங்கம் முழுக்கப் போகும், ஆவணப் பதிவிலும் உட்கார்ந்துகொள்ளும். பிற்பாடு அந்தக் கச்சேரியைக் கேட்கிற பேரப்பிள்ளைக்கு என் கேமராவும் ஒரு பக்கவாத்தியம்.

இப்போது கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்துவிட்டன. அவற்றில் எலெக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால் உள்ளே அசைகிற சாமானே கிடையாது. சுத்தமாகச் சத்தம் இல்லை. 2017-ல் சோனி ஏ9 வந்தபோதே இது நம்பிக்கையாகத் தொழில் செய்கிற அளவுக்கு வந்துவிட்டது. 2021-ல் வந்த நிக்கான் இசட்9-ல் திரை ஓடுகிற மெக்கானிக்கல் ஷட்டரையே எடுத்துவிட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை: சத்தமே இல்லாவிட்டால் எடுத்தோமா இல்லையா என்று தெரியவில்லை என்பவர்களுக்காக, ஸ்பீக்கரில் பொய்யாக ஒரு 'க்ளிக்' சத்தத்தை அதிலேயே வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். சத்தமில்லாத கேமராவை வாங்கி அதில் அந்தப் பொய்ச் சத்தத்தை ஓடவிட்டுக்கொண்டு ராகத்தின் நடுவில் நிற்கிறவரையும் நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் எல்லோரும் மிரர்லெஸ் வாங்கிக்கொண்டால் பிரச்சினை முடிந்ததா என்றால், இல்லை. இங்கேதான் சபாக்காரர்களும் கொஞ்சம் காது கொடுக்க வேண்டும். பெரும்பாலான கேமராக்களில் எலெக்ட்ரானிக் ஷட்டர் படம் முழுவதையும் ஒரே சமயத்தில் எடுப்பதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. விலை அதிகமான கேமராக்களில் இது வேகமாக முடிந்துவிடும். நடுத்தர விலைக் கேமராக்கள் சிலவற்றில் 1/15 நொடிவரைகூட ஆகும். அதற்குள் வில் நகர்ந்துவிடுகிறது, விரல் இறங்கிவிடுகிறது. வயலின் வில் வாழை மட்டை போல வளைந்து விழுந்த படங்கள் என்னிடம் இருக்கின்றன. மிருதங்க வித்வானின் விரல் ஒன்று மற்றதைவிட நீண்டு போய், பார்த்தவர் கையில் ஏதோ கோளாறா என்று கேட்டார்.

அதைவிடப் பெரிய தொல்லை விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. மலிவான எல்இடி விளக்குகளில் பல, அந்த மின்சாரத்தோடு சேர்ந்து நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கின்றன. நம் கண்ணுக்குத் தெரியாது. வரிவரியாகப் படிக்கிற கேமராவுக்கு நன்றாகத் தெரியும்: சில வரிகள் வெளிச்சத்தில் படிக்கப்படும், சில வரிகள் மங்கலில். படத்தில் பாடகரின் முகத்துக்குக் குறுக்கே இருட்டும் வெளிச்சமுமாகப் பட்டை பட்டையாக விழும். இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. ஷட்டரை 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் முழுச் சுற்று வெளிச்சம் கிடைத்துவிடும், பட்டை மறையும். பாடுகிறவருக்கு 1/100 போதும், கை அசைவு கொஞ்சம் கலங்கினாலும் அழகாகத்தான் இருக்கும். மிருதங்கத்துக்குப் போதாது, அங்கே சத்தம்தான் இருக்கிறதே என்று மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிக்கொள்வேன்.

இந்தக் கைவைத்தியம் பலிக்காத இடமும் இருக்கிறது. சில அரங்குகளில் எல்இடி பேனலை வாங்கி மாட்டிவிட்டு, வித்வானுக்குக் கண் கூசுகிறது என்று டிம்மரில் பாதியாகக் குறைத்துவிடுகிறார்கள். இந்த வகை டிம்மர்கள் பல, வெளிச்சத்தை உண்மையில் குறைப்பதில்லை. விளக்கை இன்னும் வேகமாக அணைத்து அணைத்துப் போடுகின்றன. அந்த வேகம் 50-க்கும் 100-க்கும் கட்டுப்பட்டதில்லை. போதாக்குறைக்கு மேடைக்குப் பின்னால் துணித் திரை இருந்த இடத்தில் எல்இடி வீடியோ சுவர் வந்துவிட்டது. ஸ்பான்சர் பெயர் பளீரென்று மாறி மாறி ஓடும். அதற்கு முன்னால் சத்தமில்லாத ஷட்டரில் எடுத்தால் பின்னணி முழுக்கக் கோடு கோடாக வரும். அந்தப் படத்தை எந்தப் பத்திரிகையும் போடாது. உடனே என்ன செய்வார்கள்? சத்தம் போடுகிற ஷட்டருக்குத் திரும்புவார்கள். வாசகருக்குக் கேட்கிற 'டடக் டடக்'கில் ஒரு பங்கு சபாவின் விளக்குக் கம்பத்தில் இருந்து வருகிறது என்று நான் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் உண்மை அதுதான். பழைய ஹாலஜன் விளக்கில் இந்தத் தொல்லை இல்லை. அதன் இழை அவ்வளவு சீக்கிரம் ஆறாது. ஆனால் அதற்கு ஆகிற மின்சாரச் செலவும் வித்வானுக்கு வழிகிற வேர்வையும் எனக்குத் தெரியும். பழையதற்கே போங்கள் என்று கேட்கவில்லை. ஒளி அதிராத நல்ல எல்இடி கிடைக்கிறது. வாங்கும்போது அதைக் கேட்டு வாங்கலாம். கண் கூசினால் டிம்மரைத் தொடாமல் விளக்குக்கு முன்னால் வெள்ளைத் தாள் போட்டுக்கொள்ளலாம். வீடியோ சுவரைப் பாட்டு நடக்கும்போது அணைத்துவைத்தால் படத்துக்கு மட்டுமா நல்லது, பாடுகிறவர் முகத்தைப் பார்க்க வந்தவருக்கும் நல்லதுதான்.

சத்தமில்லாத ஷட்டரால் வந்திருக்கிற ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. சத்தம் கேட்டால் எதிரில் இருப்பவருக்குத் தன்னை யாரோ படமெடுக்கிறார் என்றாவது தெரியும். ஜப்பானிலும் தென் கொரியாவிலும் விற்கிற செல்போன்களில் ஷட்டர் சத்தத்தை அணைக்க முடியாதபடி வைத்திருப்பது இதற்காகத்தான். திருட்டுப் படம் எடுக்கக் கூடாது என்று. சபாவிலும் இப்போது பாடகி தண்ணீர் குடிப்பது, முந்தானையைச் சரி செய்வது, இருமுவது என்று சத்தமில்லாமல் எடுத்துத் தள்ளுகிறார்கள். கேட்காததால் யாரும் தடுப்பதில்லை. கச்சேரிக்கு முன்னால் கலைஞரிடம் போய், நான் இன்ன இடத்தில் நிற்பேன், இன்ன நேரத்தில் எடுப்பேன், உங்களுக்குச் சரியா என்று ஒரு வார்த்தை கேட்பது எங்கள் தலைமுறையில் வழக்கமாக இருந்தது. சிலர் முதல் இரண்டு உருப்படியோடு நிறுத்திக்கொள் என்பார்கள். நிறுத்திக்கொள்வோம். நாட்டியம் என்றால் மேக்கப் அறைப் பக்கமே போகமாட்டோம்.

வாசகருக்கும் ஒரு வார்த்தை. முன் வரிசையில் செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து முழு ராகத்தையும் வீடியோ எடுப்பவர்களைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. அந்த வெளிச்சம் பின்னால் இருக்கிற நாற்பது பேர் கண்ணில் அடிக்கிறது. பல செல்போன்களில் 'க்ளிக்' சத்தமும் அணைக்கப்படாமல்தான் இருக்கிறது. பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிற மாமாவை நான் இதில் சேர்க்கவில்லை. அவருக்குச் சர்க்கரையாக இருக்கலாம்.

சர்ச் கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போனாலும், துக்க வீட்டுக்குக் கூப்பிட்டாலும், பிறந்த குழந்தையை எடுக்கச் சொன்னாலும் இதே விஷயங்கள்தான். சர்ச்சில் வாக்குறுதி சொல்கிற இடத்தில் இரண்டு படம் போதும். அதற்குள் பத்து எடுக்கிறவனைப் பாதிரியார் பார்க்கிற பார்வையே போதுமான தண்டனை.

சபா நிர்வாகிகளிடம் நான் கேட்பது அதிகமில்லை. படமெடுப்பவர்கள் சீசனுக்கு முன்பே பெயர் கொடுத்துப் பதிந்துகொள்ளட்டும். உள்ளே வரும்போது வாசலிலேயே ஒரு படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்; சத்தம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு விடுங்கள். சத்தமில்லாதது என்றால் ஓரத்தில் எங்கே வேண்டுமானாலும் நிற்கட்டும். 'க்யூ' போன்றது என்றால் பத்தாவது வரிசைக்குப் பின்னால், ராகம், விருத்தம் தவிர்த்து. இந்த வசதி எதுவும் இல்லாத கேமரா என்றால் தனிக்கும் மங்களத்துக்கும் மட்டும். விரலை அழுத்திப் பிடித்து வரிசையாகச் சுடுவது யாருக்கும் கிடையாது. அப்புறம், சீசன் ஆரம்பிக்கும் முன் ஒரு நாள் மேடை விளக்கைக் கேமராவில் சோதித்துப் பாருங்கள்.

அந்தச் சோதனைக்கு வேறு ஆள் தேட வேண்டாம். எந்தச் சபா கூப்பிட்டாலும் நவம்பரில் ஒரு நாள் என் கேமராவோடு வந்து, எந்த விளக்கில் பட்டை விழுகிறது, எதில் விழவில்லை என்று எடுத்தே காட்டிவிடுகிறேன். ஒரு மணி நேர வேலை, கூலி வேண்டாம். டிம்மர் ரூம் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் மட்டும் கூட இருக்க வேண்டும். போன தடவை ஒரு இடத்தில் அவர் வராமல்தான் திரும்பி வந்தேன்.

இப்படிக்கு,
சபாக்களில் படமெடுக்கும் ஒரு மந்தைவெளிக்காரன்,
சென்னை